குரல் உடைந்த பிறகு: பாய்ஸ் கம்பெனிகள் வளர்த்த கலைஞர்கள்

1965-இல் வந்த 'திருவிளையாடல்' படத்தில் யார் யார் நடித்தார்கள் என்று ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். சிவபெருமானாக சிவாஜி கணேசன். ஏமநாத பாகவதராக டி.எஸ். பாலையா. பாணபத்திரராக டி.ஆர். மகாலிங்கம். ஔவையாராக கே.பி. சுந்தராம்பாள். நக்கீரராக ஏ.பி. நாகராஜன், படத்தை இயக்கியவரும் அவரே. இத்தனை பேரும் சின்ன வயதிலேயே பாட்டு நாடக மேடையில் ஏறியவர்கள். அந்தப் படத்தை ஒரு பழைய மாணவர் கூட்டம் என்றே சொல்லலாம்.

இன்னொன்றையும் கவனிக்கலாம். இவர்களில் சுந்தராம்பாளும் மகாலிங்கமும் மட்டும்தான் சொந்தக் குரலில் பாடுகிறார்கள். பாலையாவுக்கு பாலமுரளிகிருஷ்ணா பாடினார், சிவாஜிக்கு டி.எம். சௌந்தரராஜன் பாடினார். நாகராஜன் பாடவே இல்லை, பேசுகிறார். பாட்டுக்காகவே பிள்ளைகளைச் சேர்த்த ஒரு தொழிலில் வளர்ந்தவர்களில் பெரும்பாலோர் பெரியவர்களானபோது பாடகர்களாக இல்லை. ஆனாலும் தமிழ் நடிப்பு, நகைச்சுவை, வசனம், இயக்கம் எல்லாம் இவர்கள் கையில்தான் வந்து சேர்ந்தன. இது எப்படி நடந்தது என்று பார்க்க, பாய்ஸ் கம்பெனி என்று ஊரெல்லாம் சொன்ன அந்தப் பாலர் நாடக சபைகளுக்குள் போக வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பார்சி நாடகக் குழுக்கள் தென்னாட்டுக்கு வந்துபோன பின் இங்கே நாடகத்தின் முகம் மாறியது. வரைந்த திரைச்சீலை, ஆர்மோனியம், டிக்கெட், கொட்டகை என்று கூத்துக்களத்திலிருந்து தள்ளி ஒரு புது வகை மேடை உருவானது. தஞ்சையிலும் மதுரையிலும் கம்பெனிகள் கிளம்பின. 1891-இல் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அது படித்தவர்களும் உத்தியோகஸ்தர்களும் ஓய்வு நேரத்தில் நடித்த அமெச்சூர் சபை. தொழில்முறைக் கம்பெனிகள் வேறு ரகம். அவற்றில் நடித்தவர்களுக்கு அதுதான் சோறு.

அந்தத் தொழில்முறை உலகத்துக்குப் பாடம் எழுதியவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). தூத்துக்குடிப் பக்கத்து காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் என்று அவர் எழுதிய நாடகங்கள் தென்மாவட்டத் திருவிழாக்களில் இன்றும் நடக்கின்றன. எமன், சனீசுவரன் மாதிரி வேடங்களில் அவர் மேடையேறினால் பார்ப்பவர்கள் நடுங்குவார்களாம். சனீசுவரன் வேடத்தைக் கலைக்காமல் விடியற்காலையில் வந்தவரைப் பார்த்து ஒரு கர்ப்பிணிப் பெண் அதிர்ந்து விழுந்துவிட்டாள், அதோடு வேடம் கட்டுவதையே விட்டுவிட்டார் என்று ஒரு கதையும் உண்டு. கதை எப்படியோ, அவர் ஆசிரியராக மாறியது உண்மை.

ஆனால் பெரிய நடிகர்களோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. குடித்துவிட்டு வருவது, எழுதிக் கொடுத்ததை விட்டுவிட்டு வாய்க்கு வந்ததைப் பேசுவது, கைதட்டல் விழுந்தால் ஒரே பாட்டை இழுத்துக்கொண்டே போவது, இதெல்லாம் அன்றைய மேடையில் சகஜம். பிள்ளைகள் என்றால் சொன்னதைக் கேட்பார்கள். சம்பளத் தகராறு குறைவு. குரல் உச்ச சுருதியில் நிற்கும். மைக் இல்லாத காலத்தில் கொட்டகையின் கடைசி வரிசைவரை பாட்டு போய்ச் சேர வேண்டுமே. இரவு சாப்பாடு முடிந்தபின் தொடங்கி விடியவிடிய நடக்கும் நாடகம். அதைத் தாங்கக்கூடிய குரல் பையன்களிடம்தான் இருந்தது. பெண்கள் மேடையேறத் தயங்கிய காலமாதலால் ஸ்திரீபார்ட் என்ற பெண்வேடத்துக்கும் அவர்களே பொருந்தினார்கள். சேர்த்துப் பார்த்தால், ஒழுக்கம் என்ற காரணத்துக்குச் சமமாகக் கணக்கும் அதில் இருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1918-இல் மதுரையில் சுவாமிகள் ஆசிரியராக இருந்து தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் நாஞ்சில் நாட்டுப் பூர்வீகம் கொண்ட ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவரான டி.கே. சண்முகத்துக்கு அப்போது ஆறு வயது. அப்பா கண்ணுசாமிப் பிள்ளையே பெண்வேட நடிகர்தான். பின்னாளில் 'எனது நாடக வாழ்க்கை' என்ற நூலில் சண்முகம் அந்த நாட்களை விரிவாக எழுதியிருக்கிறார். பாய்ஸ் கம்பெனி என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

கம்பெனிக்கென்று ஊருக்கு ஊர் ஒரு வீடு பிடிப்பார்கள். பிள்ளைகள், வாத்தியார், சமையல்காரர், ஆர்மோனியக்காரர், சீன் வேலைக்காரர்கள் எல்லாருக்கும் அதுதான் வீடு. காலையில் சாதகம், அதாவது குரல் பயிற்சி. அப்புறம் பாடம். வாத்தியார் ஒரு வரி சொல்வார், பையன் திருப்பிச் சொல்ல வேண்டும், பாட்டானால் ஆர்மோனியத்தோடு. எழுதப் படிக்கத் தெரியாத பையன்களும் இருந்ததால் எல்லாமே காது வழியாகத்தான் ஏறியது. இதில் ஒரு விசேஷம் உண்டு. ராஜபார்ட்டுக்கு, அதாவது கதாநாயக வேடக்காரனுக்கு, பாடம் நடக்கும்போது மற்றப் பையன்களும் அங்கேயேதான் உட்கார்ந்திருப்பார்கள். கிருஷ்ணனுக்குச் சொல்லிக் கொடுத்தது சேடி வேடக்காரனுக்கும் மனப்பாடம் ஆகிவிடும். ஒருவனுக்கு ஜுரம் வந்தால் இன்னொருவன் அன்றிரவு அந்த வேடத்தைக் கட்டுவான். நோட்டுப் புத்தகத்தைத் தேட வேண்டிய அவசியமே இல்லை.

சண்முகத்துக்காக சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே இரவில் எழுதினார் என்பது நாடக உலகில் பிரபலமான செய்தி. விளக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர், விடியும்போது பாட்டும் வசனமுமாக முழு நாடகத்தையும் முடித்து வைத்திருந்தாராம். வேகத்தை விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: அந்த நாடகம் ஒரு குறிப்பிட்ட சிறுவனின் குரலையும் நினைவாற்றலையும் அளந்து எழுதப்பட்டது. ஆசிரியர் பையனைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறார், அவனால் எந்தச் சுருதி முடியும், எவ்வளவு நீள வசனம் தாங்கும் என்று தெரிந்திருக்கிறது. அப்படி ஒரு கவனிப்பு எல்லாக் கம்பெனிகளிலும் இருந்ததாகச் சொல்ல முடியாது. பல இடங்களில் பிரம்புதான் பாடம் நடத்தியது.

பெண் பிள்ளைகள் இந்தச் சபைகளுக்குள் அநேகமாக இல்லை. ஆனால் மேடைக்கே வராமல் இல்லை. கொடுமுடியில் பிறந்த சுந்தராம்பாள் ரயிலில் பாடிக்கொண்டிருந்த ஏழைச் சிறுமி. அவர் குரலைக் கேட்டு நாடகத்துக்குக் கொண்டுவந்தவர் திருச்சியில் ரயில்வே அதிகாரியாக இருந்த எஃப்.ஜி. நடேச ஐயர் என்பார்கள். வேலு நாயர் கம்பெனியில் அவருடைய முதல் வேடம், நல்லதங்காளின் மூத்த மகன். பசியால் வாடும் குழந்தையாக நின்று 'பசிக்குதே வயிறு பசிக்குதே' என்று அவர் பாடியபோது கொட்டகையே அழுதது. அந்தப் பசி அவருக்குப் புதிதில்லை. அதே நடேச ஐயர்தான் திருச்சியில் ரசிக ரஞ்சனி சபாவின் ஹரிச்சந்திரா நாடகத்தில் பத்து வயது தியாகராஜனை லோகிதாசனாக நிறுத்தினார். அந்தப் பையன் எம்.கே. தியாகராஜ பாகவதர்.

இனி விஷயத்தின் மையத்துக்கு வருவோம். பையன்களுக்குப் பதின்மூன்று, பதினான்கு, சிலருக்குப் பதினாறு வயதில் குரல் உடையும். மகரக்கட்டு என்பார்கள். மற்றப் பையன்களுக்கு அது வளர்கிற வயதின் ஒரு சங்கடம், அவ்வளவுதான். கம்பெனிப் பையனுக்கோ அது வேலை போகிற நேரம். நேற்றுவரை பெயரைச் சொல்லி டிக்கெட் விற்ற ராஜபார்ட், இன்று மேல் சட்ஜமத்தைத் தொட முடியாமல் நிற்கிறான். ஸ்திரீபார்ட் கட்டியவனுக்குக் குரலோடு தோளும் அகன்றுவிடும். முதலாளிக்கு ஒரு வாரம் பொறுமை இருக்கும். அதற்குப் பிறகு இன்னொரு பிள்ளை வந்துவிடுவான்.

அந்தக் கட்டத்தில் ஒருவன் என்ன ஆனான் என்பதுதான் அவனுடைய பிற்காலத்தைத் தீர்மானித்தது. நல்ல குரலோடு சேர்ந்த பையன் நல்ல பாடகனாக வருவான் என்று நாம் நேர்க்கோட்டில் நினைக்கிறோம். பாய்ஸ் கம்பெனியின் வரலாறு அப்படிப் போகவில்லை. குரல் போனபின் கையில் என்ன மிஞ்சியதோ அதுவே பலருக்குக் கலையானது.

புதுக்கோட்டை பி.யு. சின்னப்பாவை எடுத்துக்கொள்வோம். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் அவர்தான் ராஜபார்ட். அதே கம்பெனியில் சின்னச் சின்ன வேடங்களில் இருந்தவர் அவரைவிட ஒரு வயது இளையவரான எம்.ஜி. ராமச்சந்திரன். சின்னப்பாவுக்குக் குரல் உடைந்தது, கம்பெனியை விட்டு வெளியே வந்தார். சும்மா இருக்கவில்லை. சங்கீதத்தை முறையாகக் கற்றார், உடற்பயிற்சியிலும் சிலம்பத்திலும் இறங்கினார். குரல் புது வடிவத்தில் திரும்பி வந்தபோது அதோடு ஒரு முறுக்கேறிய உடம்பும் இருந்தது. 1940-இல் 'உத்தமபுத்திர'னில் இரட்டை வேடம் கட்டியவர் பாடகர் மட்டுமில்லை, கத்திச் சண்டைக்காரரும்கூட. பாகவதருக்குப் போட்டி என்று ரசிகர்கள் கட்சி கட்டிக்கொண்டு பேசியதற்கு இந்த இரண்டாவது சொத்தும் ஒரு காரணம்.

எம்.ஜி.ஆருக்கு அந்தப் பாட்டுச் சொத்து கிடைக்கவே இல்லை. அப்பா இல்லாத வீட்டின் பசிதான் அவரையும் அண்ணன் சக்கரபாணியையும் ஏறக்குறைய ஏழெட்டு வயதில் கும்பகோணத்திலிருந்து கம்பெனிக்கு அனுப்பியது. அங்கே காளி என். ரத்தினம் போன்றவர்களிடம் சண்டையும் ஆட்டமும் பழகினார். 1936-இல் 'சதி லீலாவதி'யில் ஒரு சிறு வேடம்; கதாநாயகனாக 'ராஜகுமாரி' வர 1947 ஆயிற்று. இடையில் பதினொரு வருடம். பாட்டுக் கதாநாயகர்கள் கோலோச்சிய அந்தப் பதினொரு வருடத்தில் பாடத் தெரியாத கதாநாயகனுக்கு இடம் கிடையாது. பின்னணிப் பாட்டு நிலைபெற்றபின் ஆட்டம் மாறியது. குரலை வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளலாம், வாளைச் சுழற்றும் கையை அப்படி வாங்க முடியாதே. அப்போதுதான் பழைய பாடம் காசானது.

சிவாஜி கணேசன் கதை இன்னும் சுவாரசியம். திருச்சியில் யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனியில், அநாதைப் பையன் என்று பொய் சொல்லிச் சேர்ந்ததாக அவரே தன் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். முதல் வேடம் சீதை. அதே ராமாயணத்தில் வருடங்கள் போகப் போக அழகி வடிவத்துச் சூர்ப்பனகை, பரதன், இந்திரஜித்து என்று வேடங்கள் மாறின. ஒரே கதையை நான்கு பக்கத்திலிருந்து உள்ளே நின்று பார்த்த பையன் அவர். சீதையாக நின்றபோது எதிரே கேட்ட வசனத்துக்கெல்லாம் எப்படிப் பதில் வரும், எந்த இடத்தில் கொட்டகை மூச்சைப் பிடிக்கும் என்று அவருக்கு உடம்பிலேயே தெரியும். 1964-இல் ஒரே படத்தில் ஒன்பது வேடம் கட்டியது பெரிய சாதனையாகப் பேசப்பட்டது. சாதனைதான். ஆனால் கம்பெனிப் பையனுக்கு அது பழகிய வேலை.

அவர் பாடகர் ஆகவில்லை என்பது உண்மை. ஆனால் பாட்டை விடவும் இல்லை. 'பாட்டும் நானே பாவமும் நானே' காட்சியை ஒலியை நிறுத்திவிட்டு ஒரு தடவை பாருங்கள். ஸ்வரம் ஏறும் இடத்தில் கழுத்து நரம்பு புடைக்கிறது. நீண்ட கார்வைக்கு முன்னால் மார்பு விரிந்து மூச்சு உள்ளே போகிறது. தாளம் விழும் இடத்தில் தோள் லேசாகத் தட்டுகிறது. பாடுகிறவனின் உடம்பு எங்கெங்கே வேலை செய்யும் என்று உள்ளிருந்து தெரிந்தவர்தான் அப்படி வாயசைக்க முடியும். சௌந்தரராஜனின் குரல் சிவாஜியின் குரலாகவே நமக்குக் கேட்டதற்குக் காரணம் பாதி அங்கே இருக்கிறது. 'தில்லானா மோகனாம்பா'ளில் நாதசுரம் வாசிப்பவராக அவர் கன்னத்தை உப்பவைத்ததும் அதே வித்தை. இரண்டு படத்தையும் இயக்கிய நாகராஜன், டி.கே. சண்முகமும் அவர் சகோதரர்களும் நடத்திய டி.கே.எஸ். குழுவில் சிறுவயதில் பெண்வேடம் கட்டியவர். கேமராவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இருந்தால் பாதி விஷயத்தைச் சொல்லாமலே செய்துகொள்ளலாம்.

வசனமும் இப்படித்தான். பக்கம் பக்கமான வசனத்தைப் படிக்கக் கேட்டே சிவாஜி மனப்பாடம் செய்துவிடுவார் என்பதைப் பலர் வியந்து சொல்லியிருக்கிறார்கள். பிறவி ஆற்றல் என்று ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் காதால் கேட்டு வாயால் திருப்பிச் சொல்வதைத் தவிர வேறு கல்வியே இல்லாத ஒரு இடத்தில் பத்து வருடம் இருந்தவரிடம் வேறு என்ன எதிர்பார்க்க முடியும்?

டி.கே. சண்முகம் வேறு வழியில் போனார். 1925-இல் சகோதரர்கள் சொந்தமாக மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபையைத் தொடங்கினார்கள். நடிகனாக மட்டும் இருந்திருந்தால் ஒரு நல்ல நடிகர் கிடைத்திருப்பார். கம்பெனி நடத்தியதால் ஒரு பரம்பரையே கிடைத்தது. என்.எஸ். கிருஷ்ணன், கே.ஆர். ராமசாமி, எஸ்.வி. சகஸ்ரநாமம், எஸ்.எஸ். ராஜேந்திரன், ஏ.பி. நாகராஜன் எல்லாரும் அந்தக் குழுவில் இருந்தவர்கள். அறுபதுகளில் சிறுவன் கமல்ஹாசனும் கொஞ்சகாலம் அங்கே பழகினார். சண்முகம் 1940களில் ஔவையாராக வேடம் கட்டி, அந்தப் பெயரே தன் பெயரோடு ஒட்டிக்கொள்ளும் அளவுக்குப் புகழ் பெற்றார். சென்னையில் அவ்வை சண்முகம் சாலை இருப்பது இந்த வேடத்தால்தான். ஆண்பிள்ளை பெண்வேடம் கட்டுவது பையன் பருவத்தோடு முடிந்துபோகும் என்பார்கள். அவரோ வளர்ந்த பிறகு அதைக் கிழவி வேடமாக மாற்றி, குரலின் பருவத்தைத் தாண்டி வந்துவிட்டார். சுந்தராம்பாளும் அப்படித்தான். நல்லதங்காள் மகனாகத் தொடங்கியவர், 1935-இல் நந்தனாராக ஆண்வேடத்திலேயே சினிமாவுக்கு வந்தார். அதற்கு அவர் வாங்கிய ஒரு லட்ச ரூபாய் அன்று ஊரை வாய்பிளக்க வைத்தது.

என்.எஸ். கிருஷ்ணன் நாகர்கோவிலில் நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்ற பையன். உள்ளே வந்தபின் யார் வராவிட்டாலும் அந்த வேடத்தைக் கட்டத் தயாராக நின்றவர். எல்லாருடைய பாட்டையும் வசனத்தையும் தெரிந்து வைத்திருப்பவனுக்குத்தான் அதைக் கிண்டல் செய்யவும் தெரியும். சினிமாவில் அவர் தன் நகைச்சுவைப் பகுதியைத் தானே தனியாக அமைத்துக்கொண்டதும், வில்லுப்பாட்டைத் தூக்கி மேடைக்குக் கொண்டுவந்ததும் இந்த அறிவின் பயன்.

எம்.ஆர். ராதா இந்தக் கணக்கில் அடங்காதவர். அவரும் ஜெகந்நாதய்யர் கம்பெனி மாதிரி இடங்களில் சிறுவனாக வளர்ந்தவர்தான். ஆனால் அவர் கற்றது கீழ்ப்படிதலை இல்லை. எழுதிக் கொடுத்ததைத் தவிர ஒரு சொல் பேசக் கூடாது என்ற கட்டுப்பாட்டை உடைப்பதையே தன் கலையாக்கிக்கொண்டார். அன்றைய செய்தித்தாளில் வந்ததை அன்றிரவே 'ரத்தக்கண்ணீர்' மேடையில் இழுத்துவிடுவார். அவர் நாடகங்களை மனதில் வைத்து 1954-இல் நாடகங்களைக் கட்டுப்படுத்த ஒரு சட்டமே வந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் எந்தப் பழக்கத்தைத் துரத்தப் பிள்ளைகளைச் சேர்த்தாரோ, அதே பழக்கம் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்த ஒருவரால் அரசியல் ஆயுதமானது. பயிற்சி என்பது அதை ஏற்றுக்கொண்டவனை மட்டும் உருவாக்குவதில்லை, எதிர்த்தவனையும் உருவாக்கிவிடுகிறது.

நவாப் ராஜமாணிக்கம் ஒழுக்கத்துக்குப் பெயர் போனவர். அவருடைய மதுரை தேவி பால வினோத சங்கீத சபாவில் பதின்மூன்று வயதில் சேர்ந்தவர் எம்.என். நம்பியார். பூஜை, கட்டுப்பாடு, நேரம் தவறாமை என்று குருகுலம் மாதிரி நடந்த குழு அது. நவாப்பின் ஐயப்பன் நாடகம் புகழ் பெற்றது. அந்தச் சூழலில் வளர்ந்த நம்பியார் வாழ்நாள் முழுக்கச் சபரிமலைக்குப் போய், குருசாமியாகப் பலரை அழைத்துச் சென்றார். திரையில் கொடூரன், வீட்டில் கறாரான சைவ உணவுக்காரர். கம்பெனி ஒரு நடிகனுக்கு வேடத்தை மட்டும் தரவில்லை, வேடம் கலைந்தபின் எப்படி இருக்க வேண்டும் என்பதையும் தந்திருக்கிறது.

இப்போது குரல் போகாதவர்கள் பக்கம். செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா ஐந்தாறு வயதில் மேடையேறியவர். வளர்ந்தபின்னும் அவர் குரல் எட்டாத உயரத்தில் நின்றது. 'காயாத கானகத்தே' பாட்டை அவர் பாடிய வேகத்தையும் உயரத்தையும் இசைத்தட்டில் கேட்டவர்கள் இன்றும் அசந்துபோவார்கள். மற்றவர்களுக்கு வந்த அந்தக் கட்டாயம், அதாவது பாட்டை விட்டால் வேறு என்ன செய்வது என்று யோசிக்க வைக்கிற கட்டாயம், அவருக்கு வரவேயில்லை. கன்னையா கம்பெனி, பிறகு சுந்தராம்பாளோடு சொந்த மேடை என்று ஓயாமல் பாடினார். 1933-இல், 27 வயதில் இறந்துபோனார். பேசும்படம் வந்து இரண்டே வருடம் ஆகியிருந்தது. அவர் இருந்திருந்தால் என்ன ஆகியிருப்பார் என்று கேட்பதில் பயனில்லை. ஆனால் அவர் பாணியில் பாடி வளர்ந்த டி.ஆர். மகாலிங்கத்தைப் பார்த்தால் ஓரளவு ஊகிக்கலாம். 1945-இல் 'ஸ்ரீவள்ளி'யில் முருகனாக உச்சத்தில் இருந்தவர், ஐம்பதுகளில் சொந்தப் படமெடுத்துக் கடனில் மூழ்கினார். ரசனையும் மாறியிருந்தது. 1958-இல் 'மாலையிட்ட மங்கை'தான் அவரைத் திரும்பக் கொண்டுவந்தது. குரலை மட்டும் நம்பி நின்றவருக்கு ஊரின் காது மாறினால் ஒதுங்க இடம் குறைவு.

'மாலையிட்ட மங்கை'யில்தான் மனோரமா சினிமாவுக்கு வந்தார். அவர் பாய்ஸ் கம்பெனிப் பிள்ளை இல்லை, ஸ்பெஷல் நாடகத்தில் வளர்ந்தவர். 'பள்ளத்தூர் பாப்பா' என்று சிறுமியாக இருந்தபோதே பெயர் எடுத்தவர். ஸ்பெஷல் நாடகம் என்பது கம்பெனிக்கு நேர்மாறான ஏற்பாடு. முதலாளி இல்லை, ஒத்திகை இல்லை. நாரதர் ஒரு ஊரிலிருந்து வருவார், வள்ளி இன்னொரு ஊரிலிருந்து, பபூன் வேறு ஊரிலிருந்து. முன்பின் பார்த்திராதவர்கள் இரவு பத்து மணிக்கு மேடையில் சந்தித்து விடியும்வரை தர்க்கம் செய்வார்கள். சுவாமிகளின் பாடம் எல்லாருக்கும் பொதுவாக மனதில் இருப்பதால்தான் இது நடக்கிறது. கம்பெனிகள் கலைந்தபின் அங்கிருந்து வெளியே வந்த பலருக்குச் சோறு போட்டது இதுதான். சினிமாவுக்குப் போனவர்களின் பெயர்தான் நமக்குத் தெரியும். பெயர் தெரியாத பெரும்பான்மை திருவிழா மேடைகளிலும், ஆர்மோனியப் பெட்டிக்குப் பின்னாலும், கிராமத்துப் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக் கொடுக்கும் வாத்தியார்களாகவும் வாழ்ந்து முடிந்தது. தென்மாவட்டங்களில் இந்த நாடகம் இன்னும் உயிரோடு இருப்பதற்கு அவர்கள்தான் காரணம்.

இழந்தது என்ன என்பதையும் சொல்ல வேண்டும். முதலில் பள்ளிக்கூடம். இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஆரம்பப் பள்ளியைத் தாண்டவில்லை. எம்.ஜி.ஆர் முதலமைச்சராகி 1982-இல் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது தன் சிறுவயதுப் பசியை நினைவுகூர்ந்தார். பள்ளியில் சோறு கிடைக்க வேண்டும் என்று நினைத்தவர், சோற்றுக்காகப் பள்ளியை விட்ட ஒருவர். அடி, அரைவயிறு, வீட்டுக்குப் போக விடாத ஒப்பந்தம், சம்பளம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததா என்றே தெரியாத நிலை என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். பிற்காலத்தில் பெரியவர்களான பிறகு, அடித்த வாத்தியாரை நன்றியோடு நினைக்கும் வரிகள் அந்த நூல்களில் வரும். எனக்கு அந்த வரிகள்மேல் கொஞ்சம் சந்தேகம் உண்டு. ஜெயித்தவர்கள்தானே சுயசரிதை எழுதுகிறார்கள். குரல் உடைந்த வாரமே வீட்டுக்கு அனுப்பப்பட்ட பையன் எழுதியிருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும்.

அடி இல்லாமல் அந்தப் பயிற்சி சாத்தியமா என்ற கேள்விக்குக் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு பதில் கிடைத்தது. பத்து வயதில் பள்ளியை விட்டுவிட்டு அப்பாவின் கூத்துக் குழுவில் ஆடத் தொடங்கிய பி. ராஜகோபால், ஹன்னே டி புருயின் என்பவரோடு சேர்ந்து புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் 2002-இல் கட்டைக்கூத்து குருகுலத்தைத் தொடங்கினார். பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படிக்கவும் செய்தார்கள், கூத்தும் கற்றார்கள். ஆண்கள் மட்டுமே ஆடிவந்த கூத்தில் பெண் பிள்ளைகளும் கட்டை எனும் மர அணிகலன்களைக் கட்டி ஆடினார்கள். தான் இழந்தது இன்னது என்று தெரிந்த ஒருவர் அமைத்த பள்ளி அது. பழைய கம்பெனியின் நல்ல பழக்கங்கள் அங்கேயும் இருந்தன: கூடி வாழ்வது, முழு இரவு ஆட்டத்துக்கு உடம்பைப் பழக்குவது, ஆட்டம், பாட்டு, வாத்தியம் எல்லாவற்றையும் எல்லாரும் தொட்டுப் பார்ப்பது.

தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளைப் பார்க்கும்போது எனக்கு இந்த வரலாறுதான் ஞாபகம் வரும். பத்து வயதுப் பையன் கிட்டப்பா பாட்டை அவர் சுருதியிலேயே பாடுகிறான், நடுவர்கள் எழுந்து நிற்கிறார்கள், பரிசு விழுகிறது. நான்கு வருடத்தில் அவனுக்கும் மகரக்கட்டு வரும். அன்றைய கம்பெனி அவனைக் கொடுமையாக நடத்தியிருக்கலாம். ஆனால் அதற்குள் அவன் ஆயிரம் இரவு மேடையில் நின்றிருப்பான், பத்து வேடம் கட்டியிருப்பான், வாள் சுற்றியிருப்பான், ஆர்மோனியத்தைத் தொட்டிருப்பான், அடுத்தவன் வசனமும் தெரிந்திருக்கும். போட்டி மேடையில் அவனுக்குக் கிடைப்பது ஒரு பாட்டும் ஒரு ஸ்பாட்லைட்டும்தான். இப்போதைய பெற்றோர் கேட்டால் நான் சொல்வது ஒன்றே: பிள்ளையைப் பாட்டு வகுப்பில் சேர்க்கும்போதே ஏதாவது ஒரு நாடகக் குழுவிலும் சேர்த்துவிடுங்கள், அதில் அவனுக்குக் கதாநாயகன் வேடம் கிடைக்காவிட்டால் கோபித்துக்கொண்டு நிறுத்திவிடாதீர்கள்.